கோழிகளுக்காக ஒரு கூட்டம்

எங்கள் கல்லூரியில் ஆளுக்கொரு பைத்தியம், பைத்தியத்துக்கொரு வீடு. ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கு ஒன்று, ஜாஸ் கேட்கிறவர்களுக்கு ஒன்று, பகடை உருட்டி விளையாடுகிறவர்களுக்கு ஒன்று. ஒரே ஆசை உள்ளவர்கள் கூட்டமாகப் போய்க் கேட்டால் நிர்வாகம் ஒரு பழைய மரவீட்டைக் கொடுத்துவிடும். எங்களுடையதன் பெயர் பசுமை வாழ்வு இல்லம். அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. பின்பக்கம் கோழி வளர்த்ததால் அது கோழிவீடு.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கோழியும் பிடிக்காது, உரக்குழியும் பிடிக்காது. பிடித்ததெல்லாம் அந்த வீட்டுக்கு இருந்த ஒரு சலுகைதான். எங்கள் கல்லூரி இருக்கிற பனி மாநிலமான வெர்மான்ட்டில் டிசம்பர் நடுவில் விடுமுறை விட்டால் எல்லா விடுதியையும் பூட்டிவிடுவார்கள். கதவு அட்டை வேலை செய்யாது, ஹீட்டரையும் குறைத்துவிடுவார்கள். ஜனவரி கடைசிவரை ஈ காக்காய்கூட உள்ளே போக முடியாது. கோழிவீட்டில் மட்டும் ஒரே ஒருவர் தங்கலாம், கோழிக்குத் தீனி போட வேண்டுமே. அந்த ஒருவர் எப்போதும் நான்தான். பனிக்காலம், வசந்தம், கோடை, எந்த விடுமுறை என்றாலும் நான்தான். ஏனென்றால் எனக்குப் போக வீடு கிடையாது. பெற்றவர் இல்லாத பிள்ளைகளுக்கு அரசாங்கம் பணம் கொடுத்து ஏற்பாடு செய்கிற ஒரு வளர்ப்பு வீட்டிலிருந்து இன்னொரு வளர்ப்பு வீடு என்று பந்தாடப்பட்டவள் நான். பதினெட்டு முடிந்ததும் அரசாங்கம் கையைக் கழுவிக்கொண்டது.

இது அங்கே ஒருவருக்கும் தெரியாது. தூரத்து வெயில் ஊரான டூசானில் அம்மா இருக்கிறாள், விடுமுறையில் அவளுக்கு வேலை அதிகம் என்று ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். சின்ன வயதில் சில மாதம் அந்த ஊரில் இருந்திருக்கிறேன், அதனால் தெருப்பெயர்கூடச் சொல்ல வரும். ஏன் பொய் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் யாராவது துக்கத்தைச் சொன்னால் போதும், அடுத்த ஞாயிறு கூட்டத்தில் அது பேசுபொருளாகிவிடும். எங்களோடு இருக்கிற தாடியஸின் அப்பா அம்மா பிரிந்தபோது அவனைச் சுற்றி உட்கார்ந்து மூலிகைத் தேநீர் ஊற்றி ஊற்றியே கொன்றார்கள். அவனிடம் எல்லோரும் ஆஸ்பத்திரியில் பேசுவதைப் போல மெல்லப் பேசினார்கள். எனக்கு அந்தப் பரிதாபம் வேண்டாம். கூரை இருந்தால் போதும்.

டிசம்பரில் நடந்த அப்படி ஒரு ஞாயிறு கூட்டம்தான் என் தலையில் இடியாக இறங்கியது.

எங்கள் வீட்டில் ஓட்டெடுப்பு கிடையாது. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. பிடித்திருந்தால் கையைத் தூக்கி விரல்களை ஆட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் ஒரே ஒருவர் முஷ்டியைத் தூக்கினாலும் போதும், அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும். ஆனால் காரணம் சொல்ல வேண்டும். அது வீட்டின் கொள்கை சார்ந்ததாக இருக்க வேண்டுமே தவிர, சொந்த வசதியாக இருக்கக் கூடாது. இதையெல்லாம் வகுத்து வைத்த புண்ணியவான் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

கூட்டத்தை நடத்துகிற மேவிஸ் தங்கமான பெண். அவளைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரோவினா, நாங்க எல்லாரும் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றாள்.

"எதுக்கு?"

"ஒவ்வொரு லீவுக்கும் உன் தலையிலயே கட்டிட்டு நாங்க ஜாலியா ஊருக்குப் போயிடறோம். இது அநியாயம். உன் உழைப்ப உறிஞ்சறோம். இந்தத் தடவ கிப் இருக்கட்டும். நீ போய் உங்க அம்மாவப் பாரு."

கிப் என்னோடு தினமும் சண்டை போட்டுத் தினமும் தோற்கிறவன். அந்த வீட்டில் எனக்கு ரொம்ப நெருக்கமானவனும் அவன்தான். பல்லைக் காட்டிக்கொண்டு, "ஆமா ராணியம்மா, நான் பாத்துக்கறேன். கோழி எண்ணிக்கை குறைஞ்சா என்னக் கேளு" என்றான்.

முஷ்டியைத் தூக்கினேன்.

"காரணம்?" என்றாள் மேவிஸ்.

எனக்கு வீடில்லை என்பது சொந்தக் காரணம். வேறு காரணம் வேண்டும். வாய்க்கு வந்ததை எடுத்துவிட்டேன். "கோழிங்களுக்கு ஆள் மாறினா ஆகாது. புதுக் கை பட்டாலே பயந்து போயிடும். குளிர்ல முட்டை போடறத நிறுத்திடும், ஒண்ண ஒண்ணு கொத்திக்கும். பாவம், அதுங்களுக்கு மன உளைச்சல்."

அத்தோடு விட்டிருக்கலாம். எல்லோர் முகமும் வாடியதைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் தொற்றிக்கொண்டது. போன கோடையில் நான் காய்ச்சலில் படுத்தபோது ஒரு கோழி சோறு தண்ணீர் இல்லாமல் ஏங்கிச் செத்ததாக ஒரு புளுகையும் சேர்த்து அவிழ்த்தேன். அதை நரி தூக்கிப் போனது எனக்குத்தான் தெரியும்.

தாடியஸ் தத்துவம் படிக்கிறவன். அவன் மெதுவாக நிமிர்ந்தான். "இரு இரு. அப்போ செமஸ்டருக்கு ஒரு ஆள்னு மாத்தி மாத்தி நாம இத்தன வருஷமா அதுங்கள சித்திரவதையா பண்றோம்?"

"அப்படி இல்ல…" என்று இழுத்தேன்.

"நீதானே இப்ப சொன்ன!"

"அடுத்த வருஷம் ரோவினா பட்டம் வாங்கிட்டுப் போயிடுவா. அப்புறம் அதுங்க கதி?" என்றாள் மேவிஸ். அவள் கண் கலங்கிவிட்டது. "நம்ம சந்தோஷத்துக்காக உயிருங்கள வச்சு விளையாடறோமே."

பிறகு என்ன? ஊருக்கு வெளியே வருடம் முழுக்க ஒரே அம்மாள் பார்த்துக்கொள்கிற பண்ணை இருக்கிறதாம். கோழிகளை நிரந்தரமாக அங்கே கொடுத்துவிடலாம். விடுமுறையில் யாரும் கிடந்து அவதிப்பட வேண்டாம். எல்லோர் கைகளும் மேலே போயின, எல்லா விரல்களும் ஆடின. நான் மறுபடி முஷ்டியைத் தூக்கியிருக்கலாம். எதைக் காரணமாகச் சொல்வது? கோழிகளின் நலனுக்கு எதிராக நான் எப்படிப் பேசுவேன்? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

"இன்னொண்ணும் இருக்கு!" என்று கிப் துள்ளி எழுந்தான். எல்லோரும் சேர்ந்து எனக்கு டூசானுக்கு விமான டிக்கெட் எடுத்திருந்தார்கள். கட்டிப்பிடித்தார்கள். நான் அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள், நல்லவர்கள்.

மறுநாளே விடுதி அலுவலகத்துக்கு ஓடினேன். "கோழி இருந்தாத்தான்மா லீவுல ஆள் தங்கலாம். கோழி இல்லன்னா நீ எதுக்கு அங்க?" என்றாள் அங்கிருந்த பெண். கோபமாகச் சொல்லவில்லை, நியாயமாகத்தான் சொன்னாள். கடைசியாக என்னை வளர்த்த கரோலுக்குப் போன் செய்தேன். "உன் ரூம்ல இப்ப ரெண்டு சின்னதுங்க இருக்குதும்மா. சட்டப்படி வேற ஆளத் தங்க வைக்கக் கூடாது, தெரியுமில்ல?" என்றாள். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. "நல்லா சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்த இரண்டு வார்த்தைக்கு நான் குமுறிக் குமுறி அழுதேன்.

பண்ணைக்கார அம்மாள் வண்டியோடு வந்தாள். கோழிகள் யார் கையிலும் சிக்கவில்லை, நான் கூப்பிட்டதும் வந்தன. "பாத்தீங்களா, அவ சொன்னது நிஜம்!" என்றான் தாடியஸ். ஒவ்வொன்றாகத் தூக்கி வண்டியில் விட்டேன். பிடிக்காத கோழிகள்தான், ஆனாலும் வண்டி திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிப் என்னை விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டான். வழியில் மூன்று தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை அவன் பாட்டை மாற்றினான். இரண்டாம் தடவை, "உங்கம்மா உன்னப் பாத்ததும் அழுவாங்களா, திட்டுவாங்களா?" என்று கேட்டான். மூன்றாம் தடவை எனக்கே தைரியம் வரவில்லை. சோதனை வரிசையில் நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அவன் கையாட்டிக்கொண்டே நின்றான். போய்த் தொலையேன்டா என்று மனசுக்குள் கத்தினேன். அவன் போயிருந்தால் நான் வெளியே வந்திருப்பேன். வந்து என்ன செய்திருப்பேன்? வெர்மான்ட் பனியில் தெருவில் நிற்பதற்கு டூசான் தெரு தேவலாம் என்று விமானம் ஏறினேன்.

சாயங்காலம் இறங்கினேன். பெட்டிகள் வருகிற இடத்தில் ஒரே கூச்சல். ஒவ்வொருவரையும் யாராவது வந்து இழுத்து அணைத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் நானும் என் பெட்டியும்தான் மிச்சம்.

போன் அடித்தது. கிப். அவன் கனெக்டிகட்டில் தன் வீடு போய்ச் சேர்ந்திருந்தான்.

"என்ன ராணியம்மா, அம்மா வந்தாச்சா? போனக் குடு, ஒரு ஹலோ சொல்றேன்."

"அம்மா வரல, கிப்."

"டிராஃபிக்கா இருக்கும்."

"டிராஃபிக் இல்லடா. அம்மாவே இல்ல."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்ல. எந்த ஊர்லயும் இல்ல. எனக்கு வீடு கிடையாதுடா. அந்தக் கோழிவீடுதான் என் வீடு."

அவன் வீட்டில் தட்டுகள் வைக்கிற ஓசை கேட்டது. அவன் அம்மா அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். "இரும்மா, வரேன்" என்று சொல்லும்போதே அவன் குரல் உடைந்துவிட்டது. அப்புறம் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தான். "நாங்களே உன்ன… ஐயோ, ரோவினா… நாங்களே…"

"அழாதடா" என்றேன். "அழுகைய அப்புறம் வச்சுக்கலாம். இன்னிக்கு நான் எங்க படுக்கறது? அத மட்டும் சொல்லு."