மண்டபம் உறுதி, சமையல் இல்லை

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணத்தில் கிடைத்தது. மண்டபம் திறந்திருந்தது, மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கிவிட்டார்கள், அடுப்பு மட்டும் பற்றவில்லை. கணினியில் மண்டபம் பதிவாகியிருந்ததாம், சமையல் பதிவாகவில்லையாம். எல்லாரும் சமையல்காரரைத் திட்டினார்கள். நான் அந்த மென்பொருளை எழுதியவர்களை நினைத்தபடி பசியோடு உட்கார்ந்திருந்தேன்.

முதல் தொடக்கம்: "சரவணம்பட்டியில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு" – வேண்டாம். மழையில் தொடங்கினால் காதல் கதை என்று கண்டுபிடித்துவிடுவீர்கள்.

2

கீதாவுக்குக் கோபிசெட்டிபாளையம், ரவிதேஜாவுக்கு மதுக்கரை. சரவணம்பட்டி அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஜாவா என்ற கணினி மொழியில் அந்த மென்பொருளின் மண்டபப் பகுதியை அவள் எழுதினாள், சமையல் பகுதியை அவன். ஒவ்வொரு பகுதியும் தனக்கென்று ஒரு பரிவர்த்தனை மேலாளரை* வைத்திருந்ததுதான் கோளாறு.

[* செய்ததை உறுதியாக்குவதும், இடையில் தவறினால் நடக்காததாக்குவதும் இதன் வேலை. வாழ்க்கைக்கு இப்படி ஒன்று கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.]

கீதா இரண்டையும் நீக்கிவிட்டுப் பொதுப் பகுதியில் ஒன்றே ஒன்றை அமைத்தாள். இனி இரண்டும் சேர்ந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் சேர்ந்து ரத்தாக வேண்டும். சோதனைக்காகச் சமையல் பதிவை வேண்டுமென்றே தவறவிட்டுப் பார்த்தாள். மண்டபம் மட்டும் அப்படியே நின்றது.

3

(இதைத் தள்ளிப்போட்டுப் பார்த்தேன், முடியவில்லை.) இருவரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை அவரவர் வீட்டில் தங்கள் காதலைச் சொல்லிவிடுவதாகப் பேசி வைத்திருந்தார்கள். கீதா சொல்லிவிட்டாள். அவளுடைய அப்பா நஞ்சுண்டன் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, "அவிய ஊட்டுல இருந்து வந்து கேக்கட்டும்" என்றார். ரவிதேஜா இன்னும் வாயைத் திறக்கவில்லை.

கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்காக ஒருத்தி இப்படி ஏங்குவாளா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஏங்குகிறாள்.

4

அவன் பகுதியில் இரண்டு வரிகள் மிச்சமிருந்தன. ஒன்று, யாருடைய பரிவர்த்தனையிலும் சேராமல் தனியாகத் தொடங்கு என்றது. மற்றது, தவறினால் வெளியே சொல்லாமல் விழுங்கிவிடு என்றது.

"ஏனுங்க, எதுக்குங்க இப்படி எழுதிப்போட்டீங்க?"

"எம்பக்கம் தப்பாச்சுன்னா உங்க பக்கம் கெட்டுறக் கூடாதுன்னுதானுங்க" என்றான் ரவிதேஜா.

கீதா திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமையானா எங்கப்பா வாழைக்குத் தண்ணி உடப் போறதில்லீங்க. வெள்ளச் சட்டையப் போட்டுட்டு ஊட்டுலயே உக்காந்திருக்கறாருங்க. என்னன்னு அம்மா கேட்டா, சும்மாதான்ங்கறாரு."

ரவிதேஜா அழுதா – இல்லை, அழவில்லை. இரண்டு வரிகளையும் அழித்தான். சோதனை மறுபடி ஓடியது. சமையல் தவறியதும் மண்டபமும் ரத்தானது.

"இப்பச் சரியா இருக்குதுங்க" என்றாள். "இல்லைன்னு ஆனாலும் ரெண்டும் சேந்தே இல்லைன்னு ஆகட்டுங்க. நான் மட்டும் நின்னுக்கிட்டு இருக்க முடியலீங்க."

அவன் எழுந்து ஜன்னலோரம் போய் மதுக்கரைக்கு போன் செய்தான். அவன் அம்மா ராமாமணி எடுத்தார்.

5

ஒரு முடிவில் அவன் சொல்லிவிடுகிறான். இன்னொன்றில், சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறான். இரண்டையும் எழுதி இரண்டையும் அழித்தேன். எனக்கு முதலாவதுதான் வேண்டும், அதனாலேயே என்னை நம்பாதீர்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. நாளை மறுநாள் நஞ்சுண்டன் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொள்வார். வாசலில் வண்டி வந்து நிற்கிறதா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல் விட்டாலும் அவர் உட்கார்ந்துதான் இருப்பார்.