தாழியிலிருந்து வந்த மாணவன்

எழுமலையில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த முத்திருளன் செத்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பிளஸ் டூ புதிதாக வந்த சமயம். திருநகரிலிருந்து பஸ்ஸில் வந்துபோன வேதியியல் டீச்சர் சாவித்ரிக்கு ஆய்வுக்கூடம் என்று வாய்த்தது ஒரு மேசையும் ஒரு புட்டி அமிலமும்தான். அதனால் ஊர்க்காரர் மலையாண்டியின் புஞ்சையில் உழும்போது கிளம்பிய பழைய பானை ஓடுகளை வைத்தே பாடம் நடத்தினார். மண்ணிலுள்ள இரும்பு காற்றைக் குடித்தால் சிவக்கும், காற்றுப் போகாத உட்புறம் கறுக்கும் என்றார். பிள்ளைகளுக்குப் புரிந்தது. ஆனால் வகுப்பில் ஒரு ஆள் குறைந்தது. இன்னும் ஒருவர் சேராவிட்டால் அறிவியல் பிரிவை மூடிவிடுவார்களாம். வெளியூருக்குப் படிக்க அனுப்ப மாட்டேன் என்று மலையாண்டி சொல்லிவிட்டதால், அவர் மகள் ஜெயக்கொடி வகுப்பிலேயே அழுதாள்.

அந்த வாரம் அதே புஞ்சையில், அந்தக் காலத்தில் செத்தவர்களை வைத்துப் புதைத்த தாழி ஒன்று முழுசாக அகப்பட்டது. அதன் கழுத்தில் வரைந்திருந்த வெள்ளைக் கோலம் சுண்ணாம்புதானா என்று காட்ட, டீச்சர் ஒரு சொட்டு அமிலம் விட்டார். நுரைத்தது. உள்ளே யாரோ தும்மினார்கள். ஒரு இளவட்டம் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். யாரும் ஓடவில்லை. ஊருக்குக் கவலை வேறு.

“நீ பங்காளியா, மாமன் மச்சானா? மொறை தெரியாம எப்புடிப்பா கூப்பிடுறது?” என்றார் மலையாண்டி.

அவனுக்கு ஞாபகமில்லை. பள்ளியில் சேரவும் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும். டீச்சர் புஞ்சை மண்ணில் வில்லை தட்டிச் சுட்டு, தாழியோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். ஒரே சிவப்பு. மண் ஒன்றென்றால் பங்காளிதான் என்று ஊர் முடிவு கட்டியது. நிலத்தில் பங்கு கேட்பானே என்று மலையாண்டிக்கு முகம் சுண்டிவிட்டது.

“எனக்கெதுக்குண்ணே நெலம்? இம்புட்டு நாளா அதுக்குள்ளதான கெடந்தேன்” என்றான் அவன்.

மலையாண்டி உடனே கையெழுத்துப் போட்டார். முத்திருளன் என்று தன் தாத்தா பெயரையும் அவனுக்கு வைத்தார்.

முத்திருளன் ஒரு நாள் தவறாமல் வந்தான், வருஷா வருஷம் பெயிலானான். பிரிவும் பிழைத்துக் கிடந்தது. கூடப் படித்த ஜெயக்கொடி கல்லூரி முடித்து, சாவித்ரி ஓய்வு பெற்ற இடத்துக்கே டீச்சராக வந்தாள். அவள் திருத்திய முதல் தாளில், பானை உள்ளே ஏன் கறுப்பு என்ற கேள்விக்கு முத்திருளன் ஒன்றும் எழுதவில்லை.

“இதுகூடவா தெரியல சித்தப்பா?”

“தெரியும் தாயி. எழுதுனா பாஸாயிருவேன். பெறகு ஆளு கொறையுமில்ல?”

ஜெயக்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, தாளில் பெரிதாக ஒரு முட்டை போட்டாள்.