பனியனோடு பூட்டிய ஸ்கோப்

லேத் பட்டறையில் அவனுக்கு மில்லிமீட்டர் என்று பெயர். வைத்தவர் முதலாளி. பாதி பாராட்டு, பாதி கிண்டல். கிண்டல் பாதியை அவன் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அவனுடைய அக்கா துணிக்கடையில் பில் போடுகிறவள். துப்பாக்கிச் சங்கத்தின் சின்னத் தோட்டா ரைபிள் ஒன்றை அந்தப் பருவத்துக்கு அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். சங்க அணியில் ஒரே ஓர் இடம் காலி. அதற்கு அவளும் ஒரு மருந்துக்கடைப் பெண்ணும் போட்டி. ரைபிளைத் தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டை அக்காவுக்குத் தோதாக இல்லை, கன்னம் அதில் நிற்கவில்லை என்று கேள்விப்பட்டதும் கோச்சிடம் போய் மில்லிமீட்டர் சொன்னான்: “விடுங்க சார், நான் பாத்துக்கிறேன். நான் பூட்டினா அப்புறம் யாரும் கை வைக்க வேண்டியிருக்காது.”

போட்டிக்கு முந்தின நாள் சங்கத்து அறையில் உட்கார்ந்தான். அக்கா கடையில் இருந்தாள். அவள் வரட்டும் என்று காத்திருக்கப் பொறுமை இல்லை. புழுக்கத்துக்குச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பனியனோடு ரைபிளைத் தன் தோளில் வைத்தான். கண்ணை மூடிக் கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, திறந்து பார்த்தான். ரைபிள் மேல் இருந்த குறிபார்க்கும் குழாயான ஸ்கோப்புக்குள் வட்டம் முழு நிலாவாகத் தெரியும்வரை ஸ்கோப்பை முன்னே தள்ளினான். கன்னம் படும் இடத்தில் ரப்பர் ஒட்டினான். திருகுகளை இறுக்கினான். வேலை சுத்தம்தான். ஆள்தான் வேறு.

மறுநாள் சோதனைச் சுற்று. அக்கா சுடும்போது போடும் கேன்வாஸ் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு குப்புறப் படுத்தாள். இரண்டு குண்டு போட்டதும் தலையைத் தூக்கினாள்.

“டேய், சுத்தி இருட்டா தெரியுதுடா. நடுவுல காசு அளவுக்குத்தான் வெளிச்சம்.”

“தலைய முன்னாடி கொண்டு போ.”

“கொண்டு போனா கன்னம் கட்டையில நிக்கலையே.”

“கட்டைய குறை சொல்லாத. கொக்குக் கழுத்த வெச்சுக்கிட்டு நீட்டத் தெரியலையா?”

பின்னால் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்கு இனித்தது. அக்கா மறுபடி குனிந்தாள். அடுத்த குண்டு இடப்பக்கம், அதற்கடுத்தது வலப்பக்கம் போனது. ஜாக்கெட்டின் தோள்பகுதியில் தடித்த பட்டை தைத்திருப்பது அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. கட்டையின் அடி அதில் முட்டி, ரைபிளே முன்னே தள்ளி நின்றது. போதாக்குறைக்கு, தன் தோளுக்கு அவன் முன்னே தள்ளிவைத்த ஸ்கோப். அவள் கண் எட்டவே எட்டாது.

ஸ்கோப்பைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பூட்டி, குறி பார்க்க நாலு குண்டு போட்டால் போதும். நேரம் இருந்தது. போட்டிச் சுற்று தொடங்கிவிட்டால் திருகைத் தொடக்கூடாது என்பது சங்கத்து விதி.

“யாராவது ஏதாவது மாத்தணுமா?” என்று கோச் கேட்டார்.

அக்கா படுத்தபடியே திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான். அது சரியாகத்தான் இருந்தது.

“ஒண்ணும் இல்ல சார்,” என்றாள்.

அதன்பிறகு ஒவ்வொரு குண்டுக்கும் அவள் கழுத்து முன்னே நீண்டு, கன்னம் ரப்பரை விட்டு எழும்பி, தவித்து நின்றது. பின்னால் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அவனும் சேர்ந்து உச்சுக் கொட்டினான். வாய் தானாகச் செய்த காரியம். ஆனாலும் அது அவன் வாய்தான்.

மருந்துக்கடைப் பெண்ணின் தாளில் ஓட்டைகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு கிடந்தன. அக்காவின் தாளில் ஊருக்கு ஒன்றாகச் சிதறியிருந்தன. யாரும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

“என்னம்மா ஆச்சு? ரைபிள்ல ஏதாவது...” என்று கோச் இழுத்தார்.

“இல்ல சார். தம்பி நல்லாத்தான் பூட்டினான். எனக்குத்தான் உடம்பு படியல.”

மருந்துக்கடைப் பெண் ஜாக்கெட்டைக் கழற்றாமலே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. “அண்ணா, என்னோடதயும் ஒரு தடவ பாத்துக் குடுங்களேன். இனிமே வெளியூர்ப் போட்டியெல்லாம் இருக்கே!”

நல்லாத்தான் பூட்டினான் என்ற சொல் அவன் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அதைத் துப்பிவிட வேண்டும்போல இருந்தது.

“நான் பூட்டினது தப்புங்க. ஜாக்கெட் இல்லாம, என் தோளுக்கு வெச்சுட்டேன். சோதனைச் சுத்துலயே தெரிஞ்சிருச்சு. சொல்லல. இல்லன்னா அக்கா இப்படிச் சுட்டிருக்க மாட்டா.”

கோச் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “முடிவு முடிவுதான். அதுல மாத்தம் இல்ல.”

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது. “அப்போ நான் ஜெயிச்சது...” என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. தன் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்கா ஜாக்கெட்டின் கொக்கிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

“இருட்டு என் கண்ணுலதானே இருந்துச்சு. எனக்குத் தெரியாதா? எல்லாருக்கும் முன்னாடி உன்ன எதுக்குக் குத்தம் சொல்லணும்னு விட்டேன். நீயே சொல்லுவேன்னு திரும்பிப் பாத்தேன்.”

“அதான் இப்ப சொல்லிட்டேன்ல.”

“யாருக்காகடா சொன்ன? எனக்கு இடம் போனது போனதுதான். அந்தப் பொண்ணு ஒழுங்காச் சுட்டா. இனிமே அத நெனச்சு அவளால சிரிக்க முடியுமா? உன் நெஞ்சு லேசாகணும்னு அவ தலையில கொண்டு போய் இறக்கிட்ட.”

ரைபிளை எடுத்து வைக்கலாம் என்று கையை நீட்டினான்.

“அத விடு,” என்றாள். “நான் வெச்சுக்கிறேன்.”