ஆறாம் நம்பர் கேமரா

லீவே போடாத மனுஷனை நான் நம்பமாட்டேன். அவருக்குக் காய்ச்சல் வராதா, சொந்தத்தில் கல்யாணம் காதுகுத்து கிடையாதா, மழை பெய்யும்போது இன்று போகவேண்டாம் என்று ஒரு நாளாவது தோன்றாதா? இஸ்ரவேல் எங்களோடு வேலைக்குச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஒரு நாள் லீவு கிடையாது. சிக்குன்குனியா வந்து விரலை மடக்க முடியாத வாரத்தில்கூட இடது கையால் மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் அவரைப் பார்த்துக் கடமை உணர்ச்சி என்றார்கள். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மைசூர் மார்க்கெட்டைச் சுற்றி நான்கு தெருக்களில் காலை பத்து முதல் இரவு எட்டு வரை வெளி வண்டிகள் நுழையக்கூடாது. ஞாயிறு மட்டும் தடை இல்லை. போலீஸ்காரர் யாரும் நிற்பதில்லை, போர்டும் கேமராவும்தான். தெரு நேரடியாக எங்கள் திரையில் ஓடும், நுழைகிற வண்டியைக் கேமரா படம் பிடிக்கும். நம்பர் பலகையில் அவரவர் இஷ்டத்துக்குக் கன்னடத்திலும் வளைத்து நெளித்தும் எழுதியிருப்பதால் கம்ப்யூட்டரை மட்டும் நம்ப முடியாது. அதனால் ஒவ்வொரு படத்தையும் ஒரு ஆள் பார்த்து மூன்று பொத்தானில் ஒன்றை அழுத்த வேண்டும். ‘சரி’ என்றால் அபராத நோட்டீஸ் போகும். ‘விலக்கு’ அந்தத் தெருவாசிகளுக்கும் ஆம்புலன்ஸுக்கும். ‘தெளிவில்லை’ என்றால் படம் அங்கேயே செத்துப்போகும். வண்டி யாருடையது, விலாசம் என்ன என்பதெல்லாம் எங்கள் திரையில் வராது. நோட்டீஸ் அச்சாகும் இடத்தில்தான் அது தெரியும்.

நாங்கள் ஆறு பேர், ஆளுக்கு ஒரு கேமரா. எல்லோரும் ஒப்பந்தக் கூலிகள். ஒருவர் தில்லுமுல்லு செய்து மாட்டினால் ஆறு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு கம்பெனியைக் கூப்பிடுவார்கள். என் வீட்டில் மாதச் சம்பளம் என்று வருவது என்னுடையது ஒன்றுதான். அதனால்தான் அந்த மனிதர் மேல் ஒரு கண் வைத்திருந்தேன். வேலை வெட்டி இல்லாமல் வேவு பார்த்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நான்கு மணிக்கு எல்லோரும் டீ குடிக்கக் கீழே போவோம். இஸ்ரவேல் மட்டும் வரமாட்டார். நாலரைக்குத் தனியாகப் போய்க் குடித்துவிட்டு வருவார். இதையும் மனதில் குறித்துக்கொண்டேன். ஒரு நாள் நூல் விட்டுப் பார்த்தேன்.

“சார், ரெண்டு நாளைக்கு கேமரா மாத்திக்கலாமா? என்னோடதுல வெயில் அடிச்சு கண்ணு கூசுது.”

“பேடா பிரதிபா, வேண்டாம். எனக்கு ஆறாம் நம்பர் பழகிடுச்சு,” என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பழகுவதற்கு அது என்ன வீட்டு நாயா? ஆறாம் நம்பர் என்பது மண்டி மொஹல்லா பக்கமிருந்து வரும் சந்தின் வாய். மூட்டை வண்டியும் ஸ்கூட்டருமாக நாள் முழுக்க மொய்க்கும். எங்களில் யாருமே கேட்டு வாங்காத கேமரா அது. அதை ஒருவர் விடமாட்டேன் என்றால் அதில் வரும்படி இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அந்தச் செவ்வாய்க்கிழமை தலைவலி என்று சொல்லி மேசையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். மற்றவர்கள் டீக்குப் போனார்கள். நான்கு பத்துக்கு மெல்ல எழுந்து இஸ்ரவேலின் பின்னால் போய் நின்றேன்.

திரையில் ஒரு பச்சை ஸ்கூட்டர். ஓட்டி வந்த பெண் நுழையக்கூடாத தெருவின் நட்டநடுவில், கேமராவுக்கு நேர் கீழே வண்டியை நிறுத்தியிருந்தாள். முகத்தை மூடியிருந்த துப்பட்டாவைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு நிமிர்ந்து கேமராவையே பார்த்தாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் கரிமணித் தாலி. முப்பது வயதுகூட இருக்காது. நம்பர் பலகை நேற்றுதான் கழுவியது போலப் பளிச்சென்று இருந்தது. இஸ்ரவேல் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு ‘தெளிவில்லை’ என்பதை அழுத்தினார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. இது சைகை இல்லாமல் வேறென்ன? ஏதோ கடைக்காரர்கள் கூட்டம் சேர்ந்து இந்தக் கிழவரைக் கைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறது, இவள் தூது. இல்லாவிட்டால் அதைவிடக் கேவலமான சமாச்சாரம். ஐம்பத்தெட்டு வயதில், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதருக்கு, ஊரான் பெண்டாட்டி முகத்தில் என்ன பார்வை?

சூப்பர்வைசர் இராமச்சந்திரனிடம் நேராகப் போய்ச் சொன்னேன். அவர் பழைய பதிவுகளைத் தோண்டினார். படங்கள் அறுபது நாள்தான் இருக்கும். அந்த அறுபது நாளில் அதே ஸ்கூட்டர் ஐம்பத்தோரு முறை வந்திருந்தது. ஐம்பத்தோரு முறையும் ‘தெளிவில்லை’. இராமச்சந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இஸ்ரவேலைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டார். “ஏன் சார் இப்படிப் பண்ணீங்க? யார் அந்தப் பொண்ணு?”

“நான் பண்ணது தப்புதான் சார்.”

“தப்புன்னு எனக்கும் தெரியும். காசு வாங்கினீங்களா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன்?”

அவர் வாயைத் திறக்கவில்லை. நியாயம் இருந்தால் மனுஷன் சொல்லமாட்டானா? அந்த மௌனத்தைப் பார்த்ததும் எனக்கு மிச்சம் மீதி இருந்த சந்தேகமும் போய்விட்டது. விசாரணை முடியும்வரை அலுவலகத்துக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்று அனுப்பிவைத்தார்கள். கதவருகே போனவர் திரும்பி ஆறாம் நம்பர் திரையை ஒருமுறை பார்த்தார். அதுவும் என் கணக்கில் அவருக்கு எதிரான சாட்சியாகத்தான் சேர்ந்தது. ஐம்பத்தோரு நோட்டீஸும் அன்றே அச்சுக்குப் போயின. ஆறாம் நம்பரை எனக்குக் கொடுத்தார்கள்.

மறுநாள் நான்கு மணிக்கு நானும் டீக்குப் போகவில்லை. சொல்லிவைத்தாற்போல வந்தாள் மகராசி. நிறுத்தினாள், துப்பட்டாவை இறக்கினாள், நிமிர்ந்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் சிரிப்பு தாங்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்னக் காகிதத்தை எடுத்து இரண்டு கையாலும் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

போலிப் பாஸாக இருக்கும் என்று படத்தைப் பெரிதாக்கினேன். கறுப்பும் சாம்பலுமாக ஏதோ கலங்கலாக இருந்தது. இன்னும் பெரிதாக்கினேன். ஸ்கேன் படம். வயிற்றுப் பிள்ளையின் ஸ்கேன் படம். அட கெட்டிக்காரி, கர்ப்பிணி என்று காட்டி விலக்கு வாங்கப் பார்க்கிறாயா? இந்த நாடகமெல்லாம் அவரிடம் செல்லும், என்னிடம் நடக்காது. ‘சரி’ என்பதை அழுத்தினேன். அழுத்தும்போது சந்தோஷமாகவே இருந்தது, பொய் சொல்லவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் வந்து, ஏதோ பதிலை எதிர்பார்ப்பவள் போலக் கூடுதல் நேரம் நின்றாள். இரண்டு நாளும் ‘சரி’.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஒரு அம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். நோட்டீஸை ஆட்சேபிக்க வருபவர்களுக்குப் படத்தைக் காட்டுவது எங்கள் வழக்கம். அன்று அந்த மேசை என்னுடையது. காட்டன் சேலை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை, கையில் துணிப்பை. பையிலிருந்து ஒரு கட்டு நோட்டீஸை எடுத்து வைத்தார். எல்லாவற்றிலும் அதே பச்சை ஸ்கூட்டர், அதே பெண்.

ஓஹோ, சண்டைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“ஆட்சேபணையா?” என்றேன்.

“இல்லம்மா. வண்டி ஓட்டறது எங்க பொண்ணு, ரெபேக்கா. காலேஜ் படிக்கிறப்ப வாங்கின வண்டி. விலாசம் மாத்தாம விட்டுட்டா போல, எல்லாம் எங்க வீட்டுக்கு வந்துடுச்சு.” கொஞ்சம் நிறுத்தினார். “நான் மெட்டில்டா. இங்க வேலை பாத்த இஸ்ரவேலோட வீட்டுக்காரி.”

நோட்டீஸ் கட்டை இழுக்கப் போன கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டேன்.

“சுதர்ஷன்னு ஒரு பையனைக் கட்டிக்கிட்டா. நம்ம வேதம் இல்ல. கோவில்ல தாலி கட்டினாங்க. எனக்கு ஆத்திரம் தாங்கல. இவரை பைபிள் மேல கை வைக்கச் சொல்லி சத்தியம் வாங்கினேன். அவகிட்ட பேசக்கூடாது, போன் பண்ணக்கூடாது, அவ வீட்டு வாசப்படி மிதிக்கக்கூடாதுன்னு. மூணையும் இன்னிக்கு வரைக்கும் காப்பாத்திட்டார்மா. பாக்கக்கூடாதுன்னு சொல்ல எனக்குத் தோணல.”

“அவர் இங்க பாக்கறது உங்க பொண்ணுக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

“ஒரு நாள் தெரியாம இந்தத் தெருவுல வந்துட்டாளாம். இவர் அபராதம் போகாம அழிச்சிட்டார். அப்பா கேமரா ஆபீஸ்ல இருக்கார்னு அவளுக்கு யாரோ சொல்லியிருக்காங்க. போன்ல பாத்தா அபராதமே இல்ல. புரிஞ்சிருக்கும். அதுலேருந்து தினம் டியூட்டி முடிஞ்சு நிக்கிறா. நோட்டீஸைப் பிரிச்சுக் கேட்ட பிறகுதான் இவ்வளவும் சொன்னார்.” மெட்டில்டா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “ரெண்டு வருஷமா அவ முகத்தை நான் பாக்கல. அம்பத்தோரு படம் ஒரே நாள்ல வந்தா என்ன பண்ணுவேன், சொல்லு.”

கட்டின் மேலே இருந்த நோட்டீஸை எடுத்து என் பக்கம் திருப்பினார். நான் முதன்முதலில் ‘சரி’ போட்டது அது.

“இதுல கையில என்னமோ வெச்சுக் காட்டறா. அச்சு சின்னதா இருக்கு. ராத்திரி பூதக்கண்ணாடி வெச்சுகூட பாத்தோம், ரெண்டு பேருக்கும் தெரியல. என்னன்னு உனக்குத் தெரியுமாம்மா?”

எனக்குத் தெரியும். அந்த வீட்டில் யாருக்கும் தெரிவதற்கு முன்னால், தாத்தா பார்க்க வேண்டிய படத்தை நான் பார்த்து நாடகம் என்று திட்டியிருக்கிறேன். வெட்கத்தில் உடம்பு கூசியது. படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கித் திரையை அவர் பக்கம் திருப்பினேன். மெட்டில்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு எழுந்து, திரையில் அந்தக் கலங்கல் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“அவர் கீழ ரோட்டுல நிக்கிறார்,” என்றார். “உள்ள வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்களாமே. ஒரு நிமிஷம் வந்து பாத்துட்டுப் போகட்டுமா?”

யாரிடமும் கேட்கவில்லை. நானே இறங்கி ஓடினேன். இஸ்ரவேல் எதிர்ப்புறம் சைக்கிள் ஸ்டாண்ட் ஓரத்தில் நின்றிருந்தார். பத்து நாளில் ஆள் பாதியாகியிருந்தார்.

“சார், மேல வாங்க. ஆறாம் நம்பர்ல ஒரு படம் இருக்கு. நீங்க பாக்கணும்.”

அவர் நகரவில்லை. என் முகத்தைப் பார்த்தார், எனக்குப் பின்னால் இருந்த வாசலைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

“எதுக்கு?” என்றார். “இன்னும் என்னத்தைப் பிடிக்கப்போற, பிரதிபா?”