காற்றைக் காயவைத்த கதை

1

இந்தக் கதை ஒரு கல்வெட்டுக்காகத் தொடங்கியது. கல்லில் வெட்டுவதல்ல. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற சிறு புத்தகம். முன்பக்கம் பிள்ளையார், அடுத்தது இறந்தவரின் படம், பிறகு வம்சம், பிறகு புலம்பல் பாட்டு. என் கணவர் பரமலிங்கத்துக்கும் அப்படி ஒன்று அச்சாகவேண்டும் என்று அவருடைய தம்பி வந்து சொன்னார்.

"நீங்கள் வாசிக்கிற ஆள், மச்சாள். ஒரு பக்கம் எழுதித் தாங்கோ."

எழுதினேன். முதல் வரி இப்படி வந்தது:

அன்னார் 1938ஆம் ஆண்டு ஆவணி மாதம், கொடிகாமத்தில், காற்றைக் காயவைத்தார்.

தம்பி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். வைத்தியரிடம் கூட்டிப் போவதா, இரண்டு நாள் பொறுப்பதா என்று யோசிப்பது தெரிந்தது. பாட்டையும் மற்றதையும் அச்சகத்தாரே எழுதிக்கொண்டார்கள். அதில் அவர் நிழல் தந்த விருட்சம் ஆகிவிட்டார். அவர் ஒரு மரமும் இல்லை. கார்களுக்குப் பெயின்ற் அடித்தவர்.

அச்சேறாத அந்த ஒரு பக்கம்தான் இது. கொஞ்சம் நீண்டுவிட்டது.

2

தொடக்கம் ஒன்று: தென்னைகளின் ஊடே ஆவணி மாதத்துப் பொற்கதிர்கள் மெல்ல மெல்ல—

(இல்லை. பொற்கதிர் எதுவும் வரவில்லை. வந்தது ஒரு மாட்டுவண்டில். அதன்மேல் ஓர் எண்ணெய் எஞ்சின், காற்றை அமுக்கி அடைக்கிற கொம்பிறசர் என்ற இயந்திரம், இரண்டையும் கட்டிப்பிடித்தபடி இரண்டு ஆண்கள்.)

தொடக்கம் இரண்டு: ஞானாம்பிகை என்ற பெண் அடுக்களை யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

(இது நிற்கட்டும். ஞானாம்பிகை நான்தான், மறைக்கவில்லை. "நான்" என்று எழுதினால் அழுகை வருகிறது. "ஞானாம்பிகை" என்று எழுதினால் சிரிப்பு வருகிறது. பதினெட்டு வயதில் அவள் அப்படி ஒரு ஆள். ஆகவே இனி அவள்.)

3

ஞானாம்பிகையின் தகப்பன் ஏரம்பு தேங்காய் வியாபாரி. அவரிடம் ஒரு கறுப்புக் கார் இருந்தது. மழைக்கும் வெயிலுக்கும் போர்த்து, போர்வைக்கும் ஒரு போர்வை போட்டு வைத்திருந்தார். பெயின்ற் மங்கியபோதும் அதைப் பிறத்தியாரின் பெயின்ற் கொட்டிலில் விட மனம் வரவில்லை. ஆகவே கொட்டிலே வண்டிலேறி வந்தது.

பரமலிங்கம் முறைக்கு மச்சான். கொழும்பில் பழகி வந்து சாவகச்சேரியில் வேலை தொடங்கியிருந்தார். போன தையில் பெண் கேட்டிருந்தார். பதில் அன்றுதான் கிடைத்தது, வண்டிலால் இறங்கிய கையோடு.

"தம்பி, உமக்கு என்ன உத்தியோகமெண்டு நான் ஆக்களுக்குச் சொல்லுறது?"

"பெயின்ற் அடிக்கிறன், மாமா."

"பிறசு பிடிச்சுப் பூசினால் அது தொழில். நீர் காத்தாலை அடிக்கிறீர். ஊதிப் பிழைக்கிறவனுக்கு ஆர் பொம்பிளை குடுக்கிறது?"

"நாதஸ்வரக்காரருக்குக் குடுக்கினம்தானே, மாமா."

ஏரம்பு காரின் மேல்போர்வையை உருவினார். பிறகு சொன்னார்: "வெள்ளிக்கிழமை புத்தூருக்குப் போறன், ஒரு கிளாக்கர் மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் குடுக்க. அதுக்கிடையிலை என்ரை காரை ஒரு பருவும் இல்லாமல் கண்ணாடி மாதிரி ஆக்கித் தாரும். தந்தால் நான் போகேல்லை. ஒரு பரு இருந்தாலும் அந்தக் காரிலையேதான் போவன்."

அன்று செவ்வாய்க்கிழமை.

(அம்மா எங்கே என்று கேட்பீர்கள். அம்மா உயிரோடுதான் இருந்தா. ஆனால் அவ வீட்டில் நின்றால் ஞானாம்பிகை முற்றத்துக்கு இறங்கமுடியாது, கதையும் நகராது. ஆகவே அவவைப் பருத்தித்துறைக்கு, தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். எழுதுகிறவளுக்கு இவ்வளவு அதிகாரமாவது இருக்கவேண்டும்.)

4

எஞ்சினைப் பார்த்துக்கொள்ளப் பரமலிங்கத்தோடு வண்டிலில் வந்தவர் சிமியோன். எஞ்சின் நின்றாலும் அவருடைய வாய் நிற்காது. எஞ்சின் கொம்பிறசரைச் சுழற்றியது, கொம்பிறசர் காற்றை ஓர் இரும்புத் தாங்கியில் அடைத்தது, அந்தக் காற்று றப்பர்க் குழாயால் போய்த் துப்பாக்கி மாதிரியான ஒரு கருவிக்குள் பெயின்றைச் சந்தித்து இரண்டும் புகையாய் வெளியே வந்தன. முதல் வீச்சிலேயே காரின் முன்மூடியான பொனற் கறுகறுவென்று மின்னியது. ஞானாம்பிகை யன்னலில் மூச்சை விட்டாள்.

பத்து நிமிடம் கழித்து ஏரம்பு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"காருக்கு அம்மாள் வந்திருக்கு" என்றார். "வேப்பிலை கட்டட்டோ?"

பொனற் முழுக்கச் சின்னம்மை கண்டதுபோல் கொப்புளம்.*

"தண்ணி" என்றார் பரமலிங்கம். "காத்துக்குள்ளை தண்ணி வருது."

"வராது" என்றார் சிமியோன். கொம்பிறசரை ஒட்டியே அவர் பூட்டியிருந்த இரும்புச் செம்பின் அடித்திருகைத் திறந்து காட்டினார். வழியில் தண்ணீர் வந்தால் அதில்தான் விழவேண்டும். "பார் பரமு, ஒரு சொட்டும் இல்லை. உந்தக் காத்து கருவாடு மாதிரிக் காஞ்சிருக்கு."

* கண்ணுக்குத் தெரியாமல் எல்லாக் காற்றிலும் தண்ணீர் இருக்கிறது. அமுக்கினால் அது காற்றுக்குள் ஒளிந்திருக்க இடம் போதாது. வெளியே வந்து, பெயின்றோடு சேர்ந்து காரில் துப்பும். கொடிகாமம் கடல்நீரேரிக்குக் கிட்ட. எங்கள் காற்றுக்குக் கொஞ்சம் எச்சில் கூட.

5

புதன்கிழமை கொப்புளத்தை உரஞ்சி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கமுன், இயந்திரத்துக்கு ஒன்றும் செய்யாமல் தொடங்கியதுதான் பிழை என்று ஏரம்பு கண்டுபிடித்தார். கற்பூரம் கொளுத்தினார், தேங்காய் உடைத்தார். இயந்திரத்துக்கு நெற்றி எது என்று சுற்றிவந்து பார்த்தார். முன்பக்கத்தில் வட்டமாய் ஒரு வலைக்கம்பி, முகம் மாதிரி இருந்தது. அதில் மூன்று விரலால் அள்ளி விபூதி பூசினார். ஒருமுறை போதாதென்று இரண்டு முறை.

கொம்பிறசர் மூச்சு இழுப்பது அந்த வலையால்தான்.

இந்த முறை கொப்புளம் குறைவு. கறுப்புப் பொனற்றில் வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டுத்தான் இருந்தது. ஏரம்பு ஒன்றைத் தடவிப் பார்த்தார், மணந்து பார்த்தார், பழக்கத்தில் நெற்றியில் பூசிக்கொண்டார்.

சிமியோன் பரமலிங்கத்தின் காதுக்குள் சொன்னார்: "நீயே சொல்லு. சேர்ச்சுக்குப் போற வேதக்காரன் நான் சொன்னால் சமயச் சண்டையாப் போகும்."

பரமலிங்கமும் சொல்லவில்லை. மாமாவிடம் எப்படிச் சொல்வது. அப்போது ஞானாம்பிகை அடுக்களையால் வெளியே வந்து, ஒருவரையும் பார்க்காமல், முருங்கை மரத்துக்குச் சொன்னாள்:

"முகத்திலை பூசினதை மெசின் மூச்சோடை இழுத்திட்டுது."

ஏரம்பு தன் விரல்களைப் பார்த்தார்.

"அப்ப உது என்ரை பிழையோ?" என்றார் ஏரம்பு.

முருங்கை மரம் பேசவில்லை.

"சரி. வெள்ளி காலமை வரைக்கும் பார்க்கிறன்."

6

(இந்த இடத்தில் கதாநாயகனுக்கு ஒரு யோசனை வரவேண்டும். வரவைத்துப் பார்த்தேன்: பரமலிங்கத்தின் கண்கள் ஒளிர்ந்தன, அவர்— உண்மையில் அவர் வியாழன் காலை வண்டில் சில்லில் சாய்ந்து, வாழைப்பழம் ஒன்றை உரித்துவிட்டுச் சாப்பிட மறந்துபோய் இருந்தார். எனக்கு அந்தப் பழம் இன்றும் தெரிகிறது. கண் ஒளிர்ந்ததாக எழுத முடியாது.)

யோசனை ஞானாம்பிகைக்கு வந்தது. சாம்பல் எடுக்கப் போகிற சாட்டில் அவள் ஓடிக்கொண்டிருந்த கொம்பிறசர்ப் பக்கமாய்ப் போய், காற்று வெளிக்கிடுகிற குழாயில் கையை வைத்தாள். சுட்டுவிட்டது. அதே குழாயில் காருக்குக் கிட்ட வைத்தாள். அங்கே சுடவில்லை. முருங்கை மரத்திடம் போனாள்.

"இடியப்பம் அவிக்கேக்கை தண்ணி எங்கை நிக்கும்? மூடியிலைதானே. ஆவி ஆறுற இடத்திலை. இந்த ஆக்கள் அடுப்பு வாசலிலை செம்பை வைச்சுக்கொண்டு, தண்ணி இல்லையெண்டு பெருமை பேசீனம்."

பரமலிங்கம் எழும்பினார். வாழைப்பழம் மண்ணில் விழுந்தது. அவர் கொம்பிறசரைப் பார்த்துச் சொன்னார்:

"அப்ப காத்தை ஆறவிட்டுத்தான் செம்பை வைக்கவேணும். நீட்டுக்குக் குழாய் வேணுமே. முப்பது, நாப்பது அடி."

"கொட்டிலுக்குப் பின்னாலை இருக்கு" என்றாள், மரத்துக்கு.

"உது மாமா தோட்டத்துக்கு இறைக்க வாங்கினதெல்லே" என்றார், கொம்பிறசருக்கு.

சிமியோன் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். "நான் வேணுமெண்டால் கொஞ்சம் வெளியிலை போய் நிக்கட்டோ?"

ஏரம்புவின் புதுக் குழாய்கள் இன்னும் மண்ணைக் காணாதவை. கேட்கப் போனவள் ஞானாம்பிகை.

"தரமாட்டன்" என்றார்.

"அப்பு, மெசினுக்கு விபூதி பூசின கதையை நான் அம்மாவுக்குச் சொல்லேல்லை."

குழாய்கள் வந்தன. பரமலிங்கம் கயிற்றில் துணியைக் கட்டி உள்ளே இழுத்து இழுத்து, துணி வெள்ளையாய் வரும்வரை துடைத்தார். வலைக்கம்பியைக் கழுவி, மெல்லிய துணியால் மூடி, அடுக்களைப் புகை எட்டாத பக்கம் திருப்பினார். குழாயைக் கிணற்றடியால் சுற்றி, கவர்க்கம்புகளில் சற்றே சரிவாய்ப் படுத்தி, சரிவின் கடைசியில், காருக்குக் கிட்ட, செம்பைப் பூட்டினார். தண்ணீர் கீழே செம்புக்கு. காற்று மேலே கருவிக்கு.

குழாய் இன்னும் ஆறவேண்டும். நீளத்துக்குச் சாக்குச் சுற்றினார்கள். ஞானாம்பிகை துலாவில் தண்ணீர் அள்ளிச் சாக்கில் ஊற்றினாள். திரும்ப அள்ளினாள். ஊற்றினாள்.

ஏரம்பு படலையடியில் நின்று பார்த்தார். "பிள்ளை, என்ன செய்யிறாய்?"

"காத்தைக் காயவைக்கிறன், அப்பு."

"தண்ணி ஊத்தியோ?"

"ஓம்."

அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அரை மணி கழித்துச் சிமியோன் செம்பின் திருகைத் திறந்தார். பீச்சியடித்த தண்ணீர் அவருடைய இடுப்புச் சாரத்தை நனைத்தது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கிணற்றுக்கட்டுக் காகங்கள் எழும்பிப் போயின. காற்றுக்குள்ளிருந்து ஒரு செம்பு தண்ணீர். பரமலிங்கம் அப்போதுதான் முதல்தரம் மரத்தையும் விட்டு, இயந்திரத்தையும் விட்டு, நேரே அவளைப் பார்த்துச் சொன்னார்: "செம்பு உம்மடை பொறுப்பு. நிறையிற ஒவ்வொருமுறையும் திறந்துவிடவேணும்."

(இதைவிட நல்ல காதல் வசனம் ஒன்று எழுதப் பார்த்தேன். ஒரு பக்கம் கிழித்தேன்.)

7

வெள்ளி காலை. கார் முழுக்க அடித்தாகிவிட்டது. ஒரு கொப்புளம் இல்லை, ஒரு பொட்டு இல்லை. மிச்சம் பொனற் மட்டும். பரமலிங்கம் அதன் ஒரு ஓரத்திலிருந்து வீசத் தொடங்குகிறார். எஞ்சின் இரைகிறது. ஞானாம்பிகையின் கை செம்பில். சில்லென்று குளிர்ந்த இரும்பின் உள்ளே தண்ணீர் குமுறுவது கைக்குத் தெரிகிறது. நிறைந்துவிட்டது. இப்போது திருகவேண்டும்.

இங்கே நிறுத்துகிறேன். இரண்டு முடிவு வைத்திருக்கிறேன்.

முடிவு அ: திருகுகிறாள். தண்ணீர் மண்ணுக்குப் போகிறது. ஏரம்பு வந்து பொனற்றில் தன் முகத்தைப் பார்த்து, மீசையைச் சரிசெய்து, புத்தூருக்குப் போகவேண்டாம் என்கிறார். இதுதான் நடந்தது. அதன் பிறகு பதினொரு வருடம். அதன் பிறகு மூன்று நாள் காய்ச்சல். அதன் பிறகு தம்பி வந்து, ஒரு பக்கம் எழுதித் தாங்கோ என்கிறார்.

முடிவு ஆ: திருகவில்லை. கருவி ஒரு முறை இருமுகிறது. பொனற்றின் நடுவில் ஒரு பரு. ஞானாம்பிகை புத்தூரில் கிளாக்கர் பெண்சாதியாய் வாழ்கிறாள். ஒரு நாள் வேலிக்கு மேலால் யாரோ, சாவகச்சேரியில் ஒருவர் காய்ச்சலில் போய்விட்டாராம் என்கிறார்கள். "ஆர், அந்தக் காத்தடிக்கிறவரோ? பாவம்" என்று சொல்லிவிட்டு, சோறு கொதிக்கிறதென்று உள்ளே போகிறாள். அன்றிரவு நன்றாய் நித்திரை கொள்கிறாள். அவள்—

நாற்பது நாளாக அந்த வாக்கியத்தை முடிக்கப் பார்க்கிறேன். அந்த நித்திரை எனக்கு வேண்டியிருக்கிறது. ஆனால் எழுதினால் கிணற்றடிச் சிரிப்பையும் அடித்துவிடவேண்டும். மரத்தோடு கதைத்ததையும். "அ" என்று எழுதப் போனாலோ, அவரை நானே இன்னொருமுறை காய்ச்சலுக்கு அனுப்புகிறமாதிரி இருக்கிறது.

ஆகவே நீங்கள் வாருங்கள். இப்படி, செம்புக்குக் கிட்ட. திருகு இடப்பக்கம் சுழலும். கொஞ்சம் இறுக்கம், கை ஈரமென்றால் உடுப்பால் பிடியுங்கள். நான் மற்றப் பக்கம் பார்க்கிறேன். யோசிக்க நேரம் தரமுடியாது. அவர் பொனற்றின் நடுவுக்கு வந்துவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை, செம்படியில் ஆள் நிற்கிறது என்ற நம்பிக்கை.