மூக்கம்மாள் மகன் விமானத்தில் வருகிறான்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் தேயிலை எஸ்டேட் லயத்தில் வரிசையாக ஒட்டி நிற்கும் பத்து வீட்டுக்கும் சேதி தெரிந்துவிட்டது. மூக்கம்மாளே ஒரு வீடு விடாமல் போய்ச் சொன்னால் தெரியாமல் என்ன செய்யும்? குழாயடியில் சொன்னாள், மளிகைக் கடை வாசலில் சொன்னாள், மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு அவசரமாகக் கக்கூசுக்குப் போன சுருளிவேலை வழிமறித்தும் சொன்னாள்.

"எம்மகன் இன்னைக்கு பிளேன்ல வர்றாண்ணே."

"சரிம்மா, நல்லது" என்று அவர் நடையைக் கட்டினார். அவருக்கு அதைவிட அவசரமான காரியம் இருந்தது.

பக்கத்து வீட்டு இருதயம்மாள்தான் நின்று கேட்டாள். அவள் மகன் பிஜு ஒருமுறை துபாயிலிருந்து விமானத்தில் வந்திறங்கி, கார் பிடித்து லயத்து வாசல் வரைக்கும் வந்தவன். அன்று லயமே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. மூக்கம்மாளும் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய் அடுப்பை ஊதுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொறாமை என்று சொன்னால் பொறாமைதான். இருதயம்மாளுக்கு அது தெரியும், இருந்தும் சிரிக்காமல் கேட்டாள்.

"பெங்களூர்ல இருந்து எம்புட்டு நேரமாம்க்கா?"

"ஒரு மணி நேரம். அங்கிட்டு ஏறி இங்கிட்டு இறங்குறதுதான். சாயந்தரம் கொச்சி, அங்கருந்து கார். ராத்திரிச் சோத்துக்கு வீட்ல இருப்பான்."

விமானத்தில் வருவது பெருமைதான். அவன் வருகிற காரியத்தில்தான் பெருமை ஒன்றும் இல்லை.

தேவிகுளத்துக்குக் கீழே இருக்கிற அந்த எஸ்டேட்டில் மூக்கம்மாள் தாவணி போட்ட வயதிலிருந்து கொழுந்து எடுத்தவள். இந்த மாதத்தோடு அவளுக்கு சர்வீஸ் முடிந்தது. வேலை போனால் போகட்டும், இடுப்பும் ஓய்வு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் குடியிருக்கிற வீடு கம்பெனி வீடு. வேலை இருக்கிறவரைக்கும்தான் வீடு. அது கையை விட்டுப் போகாமல் இருக்க வேண்டுமானால் பிள்ளைகளில் ஒருவர் வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். அதற்கும் அந்த எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் எல்லாரும் வந்து வரிசையாக நின்று அன்றைய வேலையை வாங்கிக்கொண்டு போகிற இடத்துக்குப் பெரட்டு என்று பேர். ஒன்றாம் தேதிப் பெரட்டில், பேர் கொடுக்கிற ஆள் தானே வந்து நிற்க வேண்டும். அவனுக்குப் பதில் அம்மா நிற்கக் கூடாது, போனில் சொல்லவும் கூடாது. அவன் நிற்கவில்லையென்றால் பேரும் வீடும் அடுத்துக் காத்திருக்கிற ஆளுக்கு.

முன்பு இப்படி இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு இங்கே பேரை மட்டும் கொடுத்து வீட்டைப் பூட்டி வைத்தவர்கள் பெருகிப்போனார்கள். வீடில்லாதவர்கள் எல்லாரும் சேர்ந்து ஆபீஸ் வாசலில் சண்டை போட்டு இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். அந்தச் சண்டையில் முன்வரிசையில் நின்று தொண்டை கிழியக் கத்தியவள் வேறு யாருமில்லை, மூக்கம்மாள்தான். "மகன் ரோட்டுல வந்துக்கிட்டிருக்கான்" என்று அழுத ஒருத்தியைப் பார்த்து, "ரோட்டுல வர்றவன் பெரட்டுல நிக்கிறவன் ஆயிருவானா?" என்று கேட்டவளும் அவள்தான். எல்லாரும் கை தட்டினார்கள்.

இந்தத் தடவை அடுத்த ஆளாகக் காத்திருந்தவள் சுருளிவேலின் மருமகள் ஆனந்தி. அவர்கள் வீட்டில் ஒரே அறையில் எட்டுப் பேர். ஆனந்தியும் புருஷனும் அடுப்படியில் படுத்தார்கள்.

மூக்கம்மாளுக்கு இந்த வீட்டை விட்டால் போக்கிடம் என்று ஒன்றுதான் இருந்தது. மூத்த மகள் சித்ராவைக் கோயமுத்தூர்ப் பக்கம் மீனாட்சிபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். மருமகன் பால்மாடு வளர்க்கிறவர், நல்ல மனுஷன். ஆனால் மாமியார் வந்தால் படுக்க இடம் மாட்டுக்கொட்டகையை ஒட்டின சாய்ப்பு மட்டும்தான். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. போன தீபாவளிக்குப் போனபோது அவளே படுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

மகன் ஜெகன் பெங்களூரில் ஒரு பெரிய கிடங்கில் பார்சல் பிரிக்கிற வேலையில் இருந்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். மலையில் பிள்ளைகள் இறங்கிப்போவது திரும்பி வருவதற்காக அல்ல. அவனும் வரமாட்டேன் என்றுதான் ரொம்ப நாள் சொன்னான். ஒருநாள் அவனாகவே கூப்பிட்டான். "நான் வந்துர்றேம்மா. நீ அக்கா வீட்டுச் சாய்ப்புல கெடக்க வேண்டாம்" என்றான். மூக்கம்மாள் அன்று அழுதாள். வீடு தங்கிவிட்டதே என்று பாதி, பிள்ளையும் இந்த மலைக்கூலியிலேயே வந்து விழுந்துவிட்டானே என்று பாதி.

எப்படி வருவது என்பதையும் அவன் யோசித்தே வைத்திருந்தான். "சனிக்கிழம ராத்திரி பஸ் ஏறுனா விடியக்காலம் உடுமலைப்பேட்ட. அங்கருந்து மறையூர் பஸ் புடிச்சா மத்தியானம் வீட்ல இருப்பேன். ஞாயித்துக்கெழம சாயந்தரம் பூரா தூங்கலாம்."

"பஸ்ஸு வேண்டாம். பிளேன்ல வா."

"வெளையாடுறியாம்மா?"

"டிக்கெட்ட எடுய்யா. நான் தாரேன்."

"எதுக்கும்மா?"

எதற்கு என்று அவள் சொல்லவில்லை. இருதயம்மாள் பார்க்க வேண்டும் என்பதும் ஒரு காரணம், அதை மறைப்பானேன். ஆனால் அதற்கும் கீழே வேறொன்று இருந்தது. ஒன்றாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து அவன் முதுகில் பூச்சிமருந்து டப்பாவைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறி இறங்கப்போகிறான். அவன் அப்பன் அப்படித்தான் ஏறி இறங்கி, நெஞ்சு காய்ந்து இருமி இருமிச் செத்தான். அதற்குமுன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் பிள்ளை ஆகாசத்தில் வரட்டும் என்று அந்தத் தாய்க்குத் தோன்றியது. கொடுப்பதற்கு அவளிடம் வேறு எதுவும் இல்லை.

ஜெகனும் கடைசியில் சரி என்றான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் வேலை பார்த்துவிட்டு, கழுத்து அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினான்.

இங்கே மூக்கம்மாள் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். இருட்டுகிற நேரத்தில் போன் வந்தது.

"அம்மா, கொச்சியில பேய் மழ. இறங்க முடியலையாம். சுத்திச் சுத்திப் பாத்துட்டு கோயமுத்தூர்ல கொண்டாந்து நிப்பாட்டிட்டாங்க."

"கோயமுத்தூரா? அது நம்ம உடுமலைப்பேட்ட பக்கம்ல. இறங்கி வந்துருய்யா."

"இறங்க விட மாட்டேங்குறாங்கம்மா. மழ விட்டதும் திரும்ப கொச்சிக்குத்தானாம். எல்லாரும் சீட்லயே உக்காந்திருக்கோம்."

"டிரைவர்ட்ட ஒரு வார்த்த சொல்லிப் பாரேன். அவசரம்னு."

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். சிரித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அவள் உடனே சித்ராவைக் கூப்பிட்டாள். கட்டிக் கொடுத்த ஊர்ப் பேச்சே சித்ராவுக்கு இப்போது வாயில் முந்தி வரும். "எறங்க உட்டாங்கன்னா சொல்லுங்கம்மா, இவரு பால் வண்டிய எடுத்துக்கிட்டு இப்பவே போயிருவாருங்க" என்றாள். ஆனால் அவர்கள் விடவில்லை. விட்டிருந்தாலும் உடுமலைப்பேட்டைக்கும் மறையூருக்கும் நடுவில் இருக்கிற சின்னாறு காட்டுக்குள் ராத்திரி வண்டி போகக் கூடாது, கேட் போட்டுவிடுவார்கள். பஸ்ஸில் வந்தவனாக இருந்தால் கோயமுத்தூரில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பான். இன்னும் சரியாகச் சொன்னால், பஸ்ஸில் வந்தவனாக இருந்தால் இந்நேரம் வீட்டில் கோழிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருப்பான். விமானத்தில் வந்தவன் கோயமுத்தூர் விளக்குகளைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு, பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்தான்.

விமானம் மறுபடி கொச்சிக்குப் போய் இறங்கியபோது நடுச்சாமம் தாண்டிவிட்டது. அவன் கார் பிடித்தான். நேரியமங்கலம் தாண்டி மலைப்பாதையில் மரத்தோடு மண்ணும் சரிந்து கிடந்தது. வரிசையாக வண்டிகள் நின்றன. விடிகிற நேரத்தில் அதைச் சொல்லிவிட்டு அவன் போன் அணைந்துபோனது. மூக்கம்மாள் குழம்புச் சட்டியை மூடி வைத்துவிட்டு, தலையை அள்ளி முடிந்துகொண்டு பெரட்டுக்குக் கிளம்பினாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லாரும் தலைக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஆனந்தி கடைசி வரிசையில், யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள். சூப்பர்வைசர் குருசாமி நல்லவர். வழக்கமாக மடமடவென்று முடிக்கிற வேலையை அன்று இழுத்தார். கூடையைப் பற்றி விசாரித்தார், நேற்றைய எடையைப் பற்றி விசாரித்தார், சம்பந்தமில்லாமல் யாருடைய மாடோ செடியை மேய்ந்ததைப் பற்றிப் பேசினார். அவர் எதற்கு இழுக்கிறார் என்று அத்தனை பேருக்கும் தெரிந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. கடைசியில் அவருக்கும் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று.

"ஜெகன்" என்று கூப்பிட்டார்.

"வந்துக்கிட்டிருக்கான் சார்" என்றாள் மூக்கம்மாள்.

"எங்க வர்றான்?"

"அடிமாலி தாண்டிட்டான்."

அது பொய். அவன் எங்கே இருக்கிறான் என்று அவளுக்கே தெரியாது.

"அடிமாலின்னா இன்னும் ஒன்றர மணி நேரமாகுமேம்மா" என்றார் குருசாமி, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"கொஞ்சம் பொறுங்க சார். ரோட்டுலதான் இருக்கான்."

சொன்ன பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அன்று ஆபீஸ் வாசலில் அவளோடு நின்றவர்கள். ஒருவராவது அதைச் சொல்லிக் காட்டியிருந்தால் சண்டை பிடித்திருப்பாள், மானம் கெடக் கத்தியிருப்பாள், ஏதாவது ஒரு வழி கிடைத்திருக்கும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சுருளிவேல் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குருசாமி இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு, "ஆனந்தி" என்றார்.

"இருக்கேன் சார்."

அவ்வளவுதான். கூட்டம் மலைச் சரிவில் பிரிந்து ஏறிப் போயிற்று. பெரட்டுக் களத்தில் மூக்கம்மாள் மட்டும் நின்றாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குப் போவதற்கு ஒரு சரிவு இல்லை.

கார் வந்தபோது ஒன்பதரை இருக்கும். லயத்து வாசல் வரைக்குமே வந்தது, புதுக் கார். பார்ப்பதற்குத்தான் யாரும் இல்லை, எல்லாரும் வேலையில் இருந்தார்கள். காய்ச்சல் என்று படுத்திருந்த இருதயம்மாள் மட்டும் எட்டிப் பார்த்தாள். ஜெகன் இறங்கினான். முழங்கால் வரைக்கும் சேறு. டிரைவரோடும் மற்றவர்களோடும் சேர்ந்து மண்ணை வாரித் தள்ளியிருக்கிறான், உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. அம்மா முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஆனந்திக்குப் போயிருச்சா?"

அவள் தலையாட்டினாள். "பெங்களூருக்கே திரும்பிப் போயிர முடியாதாய்யா? கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

"காலையிலேயே வேற ஆள் போட்டிருப்பாங்கம்மா. அங்க ஆளா இல்ல."

சாயந்தரம் வேலை விட்டதும் ஆனந்தி வந்தாள். வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு, "மெதுவா வீட்ட ஒழிச்சாப் போதும் அத்த, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். சொல்லும்போதே அழுதாள். அவளைத் திட்டுவதற்கு மூக்கம்மாள் காலையிலிருந்து எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அடுப்படியில் படுத்துப் பிள்ளை பெற்றவளிடம் எதைச் சொல்ல? உள்ளே கூட்டிப்போய் மழைக்கு எந்த இடத்தில் ஒழுகும், எங்கே பாத்திரம் வைக்க வேண்டும் என்று காட்டினாள். பின்கதவைத் தூக்கிச் சாத்தினால்தான் தாழ் விழும் என்பதையும் சொன்னாள்.

அவள் போன பிறகு அம்மாவும் மகனும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நேற்றைய குழம்பு. ஜெகன் உரிந்த கையால் பிசைய முடியாமல் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டான்.

"ஒரு வார்த்த திட்டிருய்யா" என்றாள் மூக்கம்மாள். "பஸ்ஸுலயே வந்திருப்பேன், நீதான் கெடுத்தன்னு சொல்லிரு. ஒனக்கும் பொழப்பில்ல, எனக்கும் வீடில்ல. ஏன் பேசாம இருக்க?"

அவன் மிச்சச் சோற்றையும் வழித்துச் சாப்பிட்டான். தட்டு காலியானதும் கரண்டியைக் கீழே வைத்தான்.

"பிளேன் நல்லா இருந்துச்சும்மா" என்றான்.

மூக்கம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருதயம்மாள் விழித்திருந்தாள்.