ஒரு கைக்கு ஏற்ற தாழ்ப்பாள்

புத்தகம் தைக்கும் பைண்டரின் வலக்கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிஞ்சியது. மற்ற நான்கையும் காகிதம் வெட்டும் இயந்திரம் கொண்டுபோய்விட்டது. மூன்று மாதம் சுவரைப் பார்த்துக் கிடந்தவரைக் கொல்லைத் தோட்டம்தான் எழுப்பி நடக்க வைத்தது. தக்காளியும் அவரையும் போட்டார். தண்ணீர்க் குழாய் வேலிக்கு வெளியே, சந்தில் இருந்தது. தினமும் பத்து நடை வாளி சுமக்க வேண்டும்.

தோட்டத்துக் கதவோ தொய்ந்துபோன கதவு. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் இழுத்தால்தான் தாழ்ப்பாள் நகரும். திறந்தே போட்டுவிடலாம் என்றால் பக்கத்து வீட்டு ஆடு தோட்டத்தை மொட்டையடித்துவிடும்.

ஒரு நாள் காலை, அக்காவைப் பார்க்க வந்த மைத்துனன் சந்தில் அப்படியே நின்றுவிட்டான். பஸ் ஓட்டுபவன், வாய் ஓயாதவன். பைண்டர் வாளியை வேலிக்கு அந்தப்பக்கம் இறக்கிவிட்டுத் தானும் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார். கால்சட்டை முட்டியில் கிழிந்திருந்தது. அவன் கூப்பிடவில்லை. சத்தமில்லாமல் திரும்பி, நேராக இரும்புச் சாமான் கடைக்குப் போனான்.

"தோட்டத்துக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாளா ஒண்ணு குடுங்க."

"எல்லாமே நல்லதுதான். யாரு திறக்கப் போறாங்க?" என்றாள் கடைக்கார அம்மா.

சொன்னான். அவள் கறுப்பு டேப்பை எடுத்து அவனுடைய வலக்கை விரல்கள் நான்கையும் மடக்கிச் சுற்றினாள். இடக்கையில் ஒரு பெயின்ட் டின்னைத் தொங்கவிட்டாள். "இப்ப நீங்களே திறந்து பாருங்க."

மாதிரிக்காகப் பலகையில் வரிசையாகத் தாழ்ப்பாள்கள் முடுக்கப்பட்டிருந்தன. இழுக்கிற தாழ்ப்பாள் அசையவே இல்லை. திருகுகிற வளையம் வழுக்கியது. மூன்றாவது, மேலே தூக்குகிற நாக்கு, முழங்கைக்கே திறந்தது.

"இதுதான்!"

"ஆடு, கீடு இருக்கா?"

"இருக்கு. பெரிய ரவுடி."

"அப்ப வேணாம். மூக்கால முட்டித் தூக்கிடும். கீழ அமுக்குற மாதிரி எடுங்க."

மறுநாள் அவனே கீல்களை மாற்றி, கதவை நிமிர்த்தி, நீளப் பிடி வைத்த அந்தத் தாழ்ப்பாளைப் பொருத்தினான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார் பைண்டர். பிறகு நிறை வாளியோடு வந்து முழங்கையால் அமுக்கினார். கதவு திறந்தது. உள்ளே போய் இடுப்பால் தள்ளினார். தாழ்ப்பாள் டக்கென்று விழுந்தது. ஆடு வந்து இரண்டு முறை முட்டிப் பார்த்துவிட்டு, மானம் போன மாதிரி நடந்துபோனது. அவர் தேவையே இல்லாமல் இன்னும் மூன்று நடை நடந்தார்.

"போதும், செடி அழுகிடப் போகுது!" என்று சிரித்தாள் மனைவி.

"ரொம்ப தேங்க்ஸ் மாப்பிள்ளை," என்றார் பைண்டர். கேலியைத் தவிர வேறு எதையும் கொடுத்து வாங்கிப் பழகாத இருவருக்கும் அது கூச்சமாக இருந்தது.

மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டான். "கடைக்கார அம்மா டேப்பால கட்டிவிட்ட விரலோட அரை மணி நேரம்தான் நின்னேன் மச்சான். அதுக்கே அழுகை வந்துடுச்சு. நான் பாட்டுக்கு 'கை எப்படி இருக்கு'ன்னு கேட்டுட்டுப் போயிட்டே இருந்திருக்கேன்."

"கேக்க வந்தியே, அதுவே பெருசுடா," என்றார் அவர்.

அந்த வாரமே ஒரு பை தக்காளியோடு கடைக்கார அம்மாவைப் பார்க்கப் புறப்பட்டார். விபத்துக்குப் பிறகு கையைத் துண்டால் மூடாமல் அவர் கடைத்தெருவில் நடந்தது அன்றுதான்.